படித்த கேள்விகளில்தான் தோற்றேன்

2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வை எழுதிவிட்டு கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. அம்மா நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார். ஒரு கையில் சோறு, மடியில் வினாத்தாள். அன்றைக்கு எந்தக் கேள்விக்கு எந்த விடை வட்டத்தைக் கறுப்பாக்கினேன் என்பதெல்லாம் ஞாபகத்தில் பசுமையாக இருந்ததால், சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தேன். சில நாளில் தேர்வாணையத்தின் விடைக்குறிப்பு வந்தது. பொது அறிவில் 75க்கு 44.

அது எனக்கு இரண்டாவது முயற்சி. 2019இல் எழுதியதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்போது சும்மா விண்ணப்பம் போட்டு, சும்மா போய் எழுதிவிட்டு வந்தேன். இந்த முறை ஏழு மாதம் படித்திருந்தேன். ஆறு நோட்டு நிரம்பியிருந்தது. அதனால் 44 என்பதை நம்ப முடியவில்லை. தவறிய 31 கேள்விகளையும் தனியாக எழுதி, எதிரே இரண்டு நிறப் பேனாவால் குறித்தேன். படிக்காமல் விட்டதற்குச் சிவப்பு, படித்தும் தப்பாகப் போட்டதற்கு நீலம். சிவப்பு 9, நீலம் 22.

அந்த 22தான் என்னை மாற்றியது. அதுவரை எனக்கு இருந்த நினைப்பு, நிறையப் படிக்கவில்லை, இன்னும் படிக்க வேண்டும் என்பதுதான். உண்மையில் நான் தோற்றதெல்லாம் படித்த இடத்தில். ஹாலில் அந்தக் கேள்விகளைப் பார்த்தபோது 'ஆ, இது தெரியுமே' என்றுதான் இருந்தது. நான்கு விடைகளில் இரண்டைச் சட்டென்று தள்ளினேன். மிச்சம் இரண்டில் தப்பானதைப் போட்டேன்.

அப்போது நான் பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் பஸ், மாலையில் பஸ், வாரக்கடைசியில் கடலூரில் ஒரு பயிற்சி மையம். அங்கே செங்கல் கனத்துக்கு ஒரு மெட்டீரியல் கொடுத்தார்கள். அதைத்தான் வேதம் மாதிரி படித்தேன். அது போதாதென்று நாலைந்து டெலிகிராம் குழுக்கள், தினமும் வந்து விழும் பி.டி.எஃப்.கள், 'ஒரு வரி வினா விடை ஐயாயிரம்' வகையறா. பள்ளிப் பாடப் புத்தகத்தைப் புரட்டினேனே தவிர உட்கார்ந்து படிக்கவில்லை. அந்த மெட்டீரியலில் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த ஆண்டு 1954 என்று ஒற்றை வரியாக இருந்தது. தேர்வில் கேட்டால் என்ன செய்வது? 1954ஆ, 1962ஆ? இரண்டும் எங்கோ படித்ததுதான். எது எதற்கு என்றுதான் தெரியாது.

நீலக் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. அத்தனையும் ஜோடி ஜோடியாகக் குழம்பியவை. ஒரே ஆளுக்கு இரண்டு ஊர், ஒரே ஊருக்கு இரண்டு ஆண்டு, அடுத்தடுத்த இரண்டு எண். உடனே ஒரு புது நோட்டு போட்டேன். அதற்கு நான் வைத்த பெயர் இரட்டையர் நோட்டு. அதில் ஒரு விதிதான்: தனியாக ஒரு தகவலை எழுதக் கூடாது. எதோடு குழம்புமோ அதையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும்.

முதல் பக்கம் புதுச்சேரிக்கு. இந்தப் பக்கம்: 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு, 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. அந்தப் பக்கம்: 1956இல் ஒப்பந்தம், பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதலுக்குப் பிறகு 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு, அதே ஆண்டு அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம். எழுதும்போதுதான் உறைத்தது, இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். புதுச்சேரியில் இருக்கும் சித்தி பிள்ளைகளுக்கு நவம்பர் 1உம் லீவு, ஆகஸ்ட் 16உம் லீவு. சுதந்திர தினத்துக்கு மறுநாளும் அவர்கள் விளையாடுவதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். வயிறெரிச்சலுக்குக் காரணம் கேட்டிருந்தால் ஒன்றரை மார்க் அப்போதே கிடைத்திருக்கும்.

நவம்பர் 1 என்ற தேதிக்கே பிறகு ஒரு முழுப் பக்கம் தேவைப்பட்டது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்ததும் அதே தேதி. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் தினம் கொண்டாடி கிராம சபை கூட்டுவதும் அதே தேதி. ஆனால் தமிழ்நாடு நாள் ஜூலை 18. காரணம், 1967 ஜூலை 18 அன்றுதான் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. இப்படி நான்கு தேதியையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே நிறுத்திவிட்டால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தனித்தனியாகப் படித்தால் ஒன்று இன்னொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிக்கொண்ட கர்நாடகப் போர்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போனபோது, கெடிலம் ஆற்று ஓரத்தில் மிஞ்சியிருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாட்டை முதல் முறையாக நின்று பார்த்தேன். அத்தனை வருடம் அதைத் தாண்டித்தான் சுண்டல் தின்னப் போயிருக்கிறோம். 1690இல் கிழக்கிந்திய கம்பெனி இந்தக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியது. சுற்றியுள்ள ஊர்களில் எதுவரை கம்பெனிக்கு என்பதற்கு ஒரு பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்தான் அளவு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் இருக்கும் குண்டு அதுதான் என்று பிறகு படித்தேன். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லாமல் ஷேர் ஆட்டோ ஓடாது.

கோட்டையைப் பிடித்துக்கொண்டதும் வரிசை தானாக வந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடிக்கிறார்கள்; கம்பெனியின் தலைமை இடம் இங்கே மாறுகிறது; 1752 வரை இங்கேதான். 1756இல் இந்தக் கோட்டைக்கு ராபர்ட் கிளைவ் கவர்னர், மறு ஆண்டே பிளாசிப் போர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடிக்கிறார். அதே லாலி 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்கிறார், 1761 ஜனவரியில் புதுச்சேரியும் விழுகிறது. அதே அயர் கூட் 21 வருடம் கழித்து, 1781 ஜூலை 1, நம் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடு மோதுகிறார். வந்தவாசியில் சிறைப்பட்ட புஸ்ஸி 1783இல் கடலூர் முற்றுகையில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்குகிறார். புதுச்சேரியில் புஸ்ஸி வீதியில் செருப்பு வாங்கியிருக்கிறேன், அது ஒரு ஆளின் பெயர் என்று தெரியாமலே.

இதைச் சொன்னால் சிலர், 'அப்ப கடலூர்க்காரங்களுக்கு ஈஸி, எங்க ஊர்ல என்ன இருக்கு' என்பார்கள். எல்லா ஊரிலும் இருக்கிறது. ஒரு கோயில், ஒரு ஏரி, ஒரு ஆலை, ஒரு சிலை. அந்தச் சிலையின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாலே போதும். முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள் 1927இல் சென்னையில் நீல் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டவர். தென்னிந்தியாவின் ஜான்சி ராணி என்று காந்தியால் அழைக்கப்பட்டவர். என் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் வாழ்ந்தவரை நான் மெட்டீரியலில் 312ஆம் வரியாக மனப்பாடம் செய்திருந்தேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஊர்ப்பாசம் பொங்கி, உள்ளூர் வரலாறாகவே படித்துக்கொண்டிருந்தால் அவ்வளவுதான். மாதக் கணக்கில் நான் அந்தச் சேற்றில் மாட்டினேன். திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளி இருந்தது, அந்த ஊருக்குப் பாடலிபுத்திரம் என்ற பெயர், அப்பர் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்தது, கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் அவர் கரையேறிய கதை, அதன் பேரிலேயே கரையேறவிட்டகுப்பம் என்று ஒரு ஊர்... போய்க்கொண்டே இருக்கும். தேர்வுக்கு வேண்டியது அப்பர் காலத்துப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், அவனுடைய மண்டகப்பட்டுக் கல்வெட்டு, அவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகம். அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். பீகார்ப் பாடலிபுத்திரத்தையும் நம்ம ஊர்ப் பாடலிபுத்திரத்தையும் எதிரெதிரே எழுதியதோடு நிறுத்தினேன்.

நோட்டு எழுதுவது பாதி வேலைதான். மீதிப் பாதியை அப்பாவிடம் கற்றேன். அவர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவர். எந்தப் படகுக்கு யார் எவ்வளவு பாக்கி என்பதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் சொல்லுவார். சொல்லி முடித்த பிறகுதான் நோட்டைத் திறப்பார். நான் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்ததைப் பார்த்து ஒருநாள் சொன்னார்:

"பாத்துக்கிட்டே சொன்னா யாருக்கும்தான் வரும் பாப்பா. சொல்லிட்டுப் பாரு. எங்க நிக்குதோ அதுதான் உனக்குத் தெரியாதது."

ஏழு மாதம் நான் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். மஞ்சள் மார்க்கர் போட்ட வரியைத் திரும்பப் பார்க்கும்போது அது பழகிய முகமாகத் தெரியும்; பழகிய முகத்தையெல்லாம் தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மூடி வைத்துச் சொல்லிவிட்டுத் திறப்பது என்று ஆனது. பண்ருட்டி பஸ்ஸில் மேல்பட்டாம்பாக்கம் வருவதற்குள் ஒரு பக்கம். படித்த அன்றிரவு ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, அடுத்த ஞாயிறு ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. நின்றுபோன பக்கத்தின் மூலையை மடித்துவிடுவேன். மடித்த பக்கங்களை மட்டும் திரும்பப் பார்ப்பேன். சரியாக வந்ததை மறுபடி மறுபடி படிப்பது சுகமாக இருக்கும், பிரயோஜனம் கிடையாது.

எதைப் படிப்பது என்ற கேள்விக்கு மாவட்ட மைய நூலகத்தில் எனக்கு மூத்த ஒரு அக்கா தீர்வு சொன்னார். "அந்தச் செங்கல்ல வீட்ல கதவுக்கு முட்டுக் குடு. ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் சமூக அறிவியல், அறிவியல் ரெண்டையும் வரி விடாம படி. அப்புறம் பதினொண்ணு பன்னெண்டுல வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம்." நூலகத்தில் எல்லாம் இருந்தது, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. பாடத்துக்கு நடுவே 'உங்களுக்குத் தெரியுமா?' என்று பெட்டி கட்டிப் போட்டிருப்பார்களே, நான் பள்ளியில் படித்தபோது அதை ஒருவரும் சீண்டியதில்லை. அதையும் பாடத்துக்குக் கீழே உள்ள பொருத்துக, கூற்று-காரணம் பகுதிகளையும் விடாதீர்கள். இன்னொரு லாபமும் உண்டு: தற்காலிக விடைக்குறிப்பில் தவறு என்று ஆட்சேபம் தெரிவிக்க வேண்டியிருந்தால் ஆதாரம் காட்ட வேண்டும். பாடப் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டலாம், பயிற்சி மையத்தின் மெட்டீரியலை யார் மதிப்பார்கள்?

நான் படித்தது வணிகவியல். அறிவியல் என்றாலே அலர்ஜி. அதற்கும் இரட்டையர் நோட்டுதான் கைகொடுத்தது, இந்த முறை அடுப்படியிலிருந்து. புளியில் டார்டாரிக், எலுமிச்சையில் சிட்ரிக், தயிரில் லாக்டிக், எறும்புக் கடியில் பார்மிக். சமையல் சோடா சோடியம் பைகார்பனேட், சலவை சோடா சோடியம் கார்பனேட். நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. அதற்கு முந்தைய நிலை பீட், பிந்தையவை பிட்டுமினஸ், ஆந்த்ரசைட், மேலே போகப்போகக் கார்பன் கூடும். இயற்பியல் கணக்குகளில் ஒன்றிரண்டை மனதார விட்டுக்கொடுத்தேன். எல்லாவற்றையும் பிடிக்க நினைத்தால் கையில் இருப்பதும் வழுக்கும்.

அரசியலமைப்பில் 73, 74 இரண்டும் எனக்கு எப்போதும் இடம் மாறும். 73ஆவது திருத்தம் ஊராட்சி, 11ஆவது அட்டவணை, 29 பொருள்கள். 74 நகராட்சி, 12ஆவது அட்டவணை, 18 பொருள்கள். குறிஞ்சிப்பாடி பக்கம் ஆத்தா ஊரில் அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒருமுறை போய் உட்கார்ந்தேன். தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை என்று ஒவ்வொன்றாகச் சண்டை வந்தபோது அந்த 29இல் பாதி காதில் விழுந்தது. முதலில் கிராமம், பிறகு நகரம். கிராமத்துக்குத்தான் வேலை அதிகம், அதனால் 29. இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. அதே போல 42ஆவது திருத்தம் (1976) முகவுரையில் சமதர்மம், சமயச்சார்பின்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றைச் சேர்த்தது. 44ஆவது (1978) சொத்துரிமையை அடிப்படை உரிமையிலிருந்து எடுத்தது. ஒன்று சேர்த்தது, ஒன்று எடுத்தது.

நடப்பு நிகழ்வுகளில் நான் செய்த ஒரே மாற்றம், செய்தியைச் செய்தியாகப் படிக்காமல் பாடத்தோடு முடிச்சுப் போட்டது. 2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது என்று செய்தி. ராம்சர் என்பது ஈரானில் ஒரு ஊர், உடன்படிக்கை கையெழுத்தானது 1971 பிப்ரவரி 2, அதனால் அதுவே உலக ஈரநில நாள், தமிழ்நாட்டிலிருந்து முதலில் சேர்ந்தது கோடியக்கரை, 2002. ஒரு செய்திக்கு நான்கு விடை. டெலிகிராம் குழுக்களை விட்டு வெளியேறிவிட்டேன். ஒரு நாளிதழ், மாதம் ஒரு தொகுப்பு, அவ்வளவுதான். திறனறிவு 25 கேள்வியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: தினமும் பத்துக் கணக்கு, ஞாயிறு உட்பட. தமிழ் 100 கேள்வியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மிச்சத் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பொது அறிவில் மூழ்கித் தமிழை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

2024 ஜூன் 9. மூன்றாவது முயற்சி. ஹாலில் இரண்டு விஷயத்தில் கவனமாக இருந்தேன். ஒன்று, 'தவறானது எது', 'பொருந்தாதது எது' என்று வந்தால் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டே விடைகளைப் படிப்பது. 2022இல் மூன்று கேள்வி அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் படித்ததால் போனது. இன்னொன்று, 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டம், E. தவறான விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது. அப்படியிருக்க, நேர்மையாக E போடுவதில் ஒரு லாபமும் இல்லை. நான்கில் ஒன்றைத் தள்ள முடிந்தாலும் மிச்சத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஆனால் ஐந்தில் எதையும் கறுக்காமல் காலியாக விட்டால் மார்க்கைக் குறைப்பார்கள், கவனம். முடிவில் A எத்தனை, B எத்தனை என்று எண்ணி எழுதுவதற்கு அப்போது தனியாக நேரம் தந்தார்கள். என் பக்கத்து வரிசையில் ஒரு பையன் அந்த நேரத்தில் விடுபட்ட கேள்வியைத் தேடிக்கொண்டு, எண்ண நேரமில்லாமல் வியர்த்துக்கொண்டிருந்தான்.

பொது அறிவில் 63 வந்தது. இரட்டையர் நோட்டிலிருந்து நேரடியாக வந்தவை பதினொன்று என்று எண்ணினேன். மீதி அந்த நோட்டு கொடுத்த தைரியம். இந்த முறையும் நீலம் இருந்தது, ஏழு. இப்போது ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். முந்திரிக் கடைக் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைக்க ஒரு மாதம் ஆனது.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. எதிர் வீட்டுப் பெண் அடுத்த குரூப் 4க்குப் படிக்கிறாள், அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போன இரண்டாம் நாளே வந்து நின்றாள்.

"அக்கா, கோட்டைய மராத்தியர்கிட்ட இருந்து வாங்குனாங்கன்னு எழுதியிருக்கீங்க. மராத்தியர்னா யாரு? சிவாஜி 1680லேயே செத்துட்டாரே?"

எனக்குச் சட்டென்று வரவில்லை. சொல்லிட்டுப் பாரு என்று அப்பா சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும், திண்ணையில் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தேன். அப்போது செஞ்சியில் இருந்தது சிவாஜியின் மகன் ராஜாராம். அவளே பேனாவை எடுத்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, பக்கத்தின் மூலையை மடித்தாள்.